கம்பி வந்தது, பேனல் எங்கே போனது? வங்கதேசத்தின் 41 லட்சம் சோலார் வீடுகள்

2022 மார்ச் 21 அன்று, வங்கதேசத்தின் தெற்குக் கடலோரத்தில் பாய்ரா என்ற இடத்தில் 1,320 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்தை அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா திறந்து வைத்தார். மின்சாரம் இல்லாத வீடே இனி நாட்டில் இல்லை என்று அங்கேயே அறிவித்தார். நாலு மாதம்கூட முடியவில்லை. உக்ரைன் போரால் திரவ எரிவாயுவின் விலை எகிறியதில் கட்டுப்படியாகாமல், அரசு ஜூலையில் அதை வெளிச்சந்தையில் வாங்குவதை நிறுத்தியது. டீசல் மின் நிலையங்களையும் மூடியது. ஊருக்கு ஊர் மின்வெட்டு. அக்டோபர் 4 அன்று மின்தொகுப்பே சரிந்து நாட்டின் பெரும்பகுதி இருண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் பாய்ரா நிலையமே நின்றுபோனது. நிலக்கரிக்குக் கொடுக்க டாலர் இல்லை.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே நாட்டில், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, 41 லட்சம் வீடுகளுக்குச் சோலார் பேனல் போட்டிருந்தார்கள். சுமார் 2 கோடிப் பேர் அந்த வெளிச்சத்தில் இரவுச் சோறு சாப்பிட்டார்கள். மின்கம்பியைச் சாராமல் வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் கொடுத்த தேசியத் திட்டங்களில் உலகிலேயே பெரியது அதுதான். அப்படி ஒரு திட்டம் கம்பி வந்ததும் ஏன் கலைந்தது? சூரிய மின்சாரம் ஏழை நாடுகளுக்குக் கைகொடுக்குமா என்று யார் கேட்டாலும், நான் இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

வங்கதேசத்தில் கம்பி இழுப்பது லேசான வேலையில்லை. ஜமுனா, பத்மா, மேக்னா என்று மூன்று பெரிய ஆறுகளும் அவற்றின் கிளைகளும் நாட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. ஆற்றின் நடுவே வண்டல் சேர்ந்து திட்டு எழும்பும். மக்கள் குடியேறிப் பயிர் செய்வார்கள். சில வருடங்களில் ஆறு திரும்பி அந்தத் திட்டைக் கரைத்துக்கொண்டு போகும். 'சர்' என்று அந்தத் திட்டுக்குப் பெயர். வெள்ளத்துக்கு முன்னால் வீட்டையே பிரித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற ஊரில் யார் மின்கம்பம் நடுவார்கள்? கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கவென்று 1977இல் தனி வாரியம் அமைத்தும், 2009 வாக்கில்கூட நாட்டில் பாதிப் பேருக்கு மின்சாரம் எட்டவில்லை. கிராமத்து இரவு மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அரிக்கேன் விளக்குக்கு அங்கேயும் 'ஹாரிக்கேன்' என்றுதான் பெயர். கண்ணாடியில் படியும் கரியைத் தினமும் சாயங்காலம் துடைத்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தின் அருமையும் தெரியும், அதன் புகையும் தெரியும்.

வெயிலுக்கு அங்கே குறை இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 4 முதல் 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. 50 வாட் பேனல் ஒன்றை ஓட்டுக்கூரையில் வைத்தால் பகல் முழுக்கச் சேர்த்து கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். ஒரு பேட்டரி, அது அளவுக்கு மேல் ஏறாமலும் வடிந்துவிடாமலும் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், நாலு விளக்கு, சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளை டிவி, செல்போன் சார்ஜர் என்று ஒரு குடும்பத்தின் இரவுக்கு அது போதும். சிக்கல் விலையில்தான் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் இந்த அமைப்பு முழுவதற்கும் சுமார் 400 டாலர் ஆனது. மண்ணெண்ணெயைச் சில்லறையாக வாங்கி எரிக்கிற குடும்பம் அந்தப் பணத்தை ஒரே நாளில் எங்கிருந்து புரட்டும்?

இந்த இடத்தில் வங்கதேசத்துக்குப் பழக்கமான ஒன்று கைகொடுத்தது: வாராவாரம், மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வந்து தவணை வாங்குகிற சிறுகடன் அமைப்புகள். கிராமீன் வங்கியின் குடும்பத்தில் 1996இல் பிறந்த கிராமீன் சக்தி முதலில் இறங்கியது. அப்புறம் 2003இல், இட்கால் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனம், உலக வங்கியின் பணத்தோடு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. இட்கால் நேராக யாருக்கும் பேனல் விற்கவில்லை. கிராமத்தில் வேலை செய்யும் அமைப்புகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. ஐந்து அமைப்புகளோடு தொடங்கி ஐம்பதைத் தாண்டியது. வாங்குபவர் விலையில் பத்து, பதினைந்து விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். மீதி மூன்று வருடத் தவணை. வீட்டில் பேனல் மாட்டியதும், அந்தக் கடனில் பெரும்பகுதியை இட்கால் குறைந்த வட்டியில் அந்த அமைப்புக்குக் கொடுத்துவிடும். அதை வைத்து அமைப்பு அடுத்த வீட்டுக்குப் போகும்.

மானியமும் இருந்தது, ஆனால் கரைந்துகொண்டே போகும் மானியம். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 90 டாலர். பேனல் விலை இறங்க இறங்க அதையும் இறக்கி, கடைசியில் மிகச் சிறிய அமைப்புகளுக்கு மட்டும் 20 டாலர் அளவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதை நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இலவசமாக வந்த பொருள் பழுதானால் யாரும் கவலைப்படுவதில்லை. சொந்தப் பணம் போட்டவர் பேட்டரி சரியில்லை என்றால் மறுநாளே ஆள் அனுப்புவார்.

வட்டியையும் மறைக்கக் கூடாது. பல அமைப்புகள் ஃப்ளாட் வட்டி போட்டன. 12 விழுக்காடு ஃப்ளாட் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மூன்று வருடக் கடனில் அதன் உண்மையான சுமை ஆண்டுக்கு 21 விழுக்காட்டை ஒட்டி வரும். ஏழை வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் மக்கள் கட்டினார்கள். மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணைக்குப் போனது, மூன்று வருடம் முடிந்ததும் பொருள் சொந்தமானது என்பதுதான் காரணம்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, தவணை வாங்க வந்த ஆள். அவர் ரசீதுப் புத்தகத்தோடு மட்டும் வரவில்லை. பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் இருக்கிறதா, முனைகளில் பூசணம் போலப் பச்சை படிந்திருக்கிறதா, பேனல்மேல் மரநிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். வசூலும் பராமரிப்பும் ஒரே ஆளின் கையில் இருந்ததால், விளக்கு எரியவில்லை என்றால் அந்த மாதத் தவணை வராது. தவணை வரவேண்டும் என்றால் விளக்கு எரிய வேண்டும். உலகெங்கும் எத்தனையோ கிராமங்களில் நன்கொடையாக வந்த சோலார் பேனல்கள் ஒரு பேட்டரி செத்ததும் கோழிக்கூண்டுக்கு மூடியாகிவிட்டன. அங்கேயெல்லாம் இல்லாமல் போனது இந்த ஆள்தான். பேட்டரிக்கு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்தார்கள். எந்தப் பேனல், எந்த பேட்டரி தரமானது என்று ஒரு தொழில்நுட்பக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே திட்டத்துக்குள் வரும். வீடுகளுக்குப் போய்ச் சோதிக்க இட்கால் தனியாக ஆட்களை வைத்திருந்தது. கிராமீன் சக்தி தன் பயிற்சி மையங்களில் பெண்களுக்கு சார்ஜ் கன்ட்ரோலரையும் விளக்குகளையும் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. பேட்டரியெல்லாம் உள்நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்தே வந்தன.

2008 ஜூனுக்குள் 50,000 வீடு என்பது முதல் இலக்கு. 2005 செப்டம்பரிலேயே அது முடிந்துவிட்டது. எல்இடி விளக்கு வந்தபின் வேகம் இன்னும் கூடியது. முன்பு 50 வாட் பேனல் செய்த வேலையை 20, 30 வாட் பேனல் செய்தது. 2013ஆம் ஆண்டில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேலான வீடுகளில் மாட்டினார்கள்.

அதற்கு அடுத்த வருடமே சரிவு தொடங்கியது. மூன்று காரணங்கள் பின்னிக்கொண்டு வந்தன.

முதலில் கம்பி. அரசு பெரிய மின் நிலையங்களை அவசர அவசரமாகக் கட்டி, கிராம மின் வாரியத்தின் மூலம் மாதத்துக்கு மூன்று லட்சம் இணைப்பு என்ற வேகத்தில் கொடுக்கத் தொடங்கியது. இதில் எந்தத் தப்பும் இல்லை. மின்விசிறியும் ஃபிரிட்ஜும் எல்லாருக்கும் வேண்டும். 50 வாட் பேனலோடு திருப்திப்படுங்கள் என்று கிராமத்தானிடம் சொல்ல நகரத்தில் இருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது? கம்பி மின்சாரத்தின் விலையும் குறைவு, அரசு இழப்பைத் தாங்கிக்கொண்டு விற்றது. ஆனால் எந்த ஊருக்கு எப்போது கம்பி வரும் என்பது சோலார் அமைப்புகளுக்குத் தெரியவில்லை. கம்பி இன்னும் பத்து வருடத்துக்கு வராது என்று நம்பி ஒரு ஊரில் கடன் கொடுப்பார்கள். தேர்தலை ஒட்டி ஆறே மாதத்தில் கம்பம் வந்து நிற்கும். வாங்கி ஒரு வருடத்துக்குள் கம்பி வந்தால் தேய்மானம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. ஊரே திருப்பிக் கொடுத்தால் அதைத் தாங்கும் பலம் அந்த அமைப்புகளுக்கு ஏது?

இரண்டாவது, இலவசம். ஏழைகளுக்கான நிவாரணத் திட்டங்களின் பணத்தில் ஒரு பங்கைச் சோலாருக்கு ஒதுக்கி அரசே இலவசமாகப் பேனல் கொடுக்கத் தொடங்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைத்த பொருளுக்கு நான் ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும் என்று கேட்டவரிடம், வசூலுக்குப் போனவரால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, சந்தையில் குவிந்த மலிவான சரக்கு. அதே அளவு என்று சொல்லிக்கொண்டு பாதி விலைக்கு வந்த பேனல்களும் பேட்டரிகளும், உத்தரவாதத்தோடு வந்தவற்றைப் பார்த்துச் சிரித்தன. சீக்கிரமே செத்தன என்பது வேறு விஷயம். கெட்ட பெயர் எல்லாச் சோலாருக்கும் சேர்ந்தே வந்தது.

வசூல் விழுந்ததும் அமைப்புகளால் இட்காலுக்குக் கட்ட முடியவில்லை. ஒவ்வொன்றாகக் கிளைகளை மூடின. பயிற்சி பெற்ற பல்லாயிரம் பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். 2018இல் திட்டம் முடிந்தது. இலங்கையிலும் சிறிய அளவில் இதேதான் நடந்தது. 1997இல் தொடங்கி உலக வங்கி உதவியோடு ஒரு லட்சத்துக்கும் மேலான வீடுகளுக்குக் கடனில் பேனல் போனது. சர்வோதய இயக்கத்தின் கடன் பிரிவு அதில் முன்னால் நின்றது. அங்கேயும் கம்பி நீண்டதும் சந்தை சுருங்கிவிட்டது.

சரி, அந்த 41 லட்சம் பேனல்களும் அப்படியே இருந்திருந்தால் 2022இல் நாடு தப்பித்திருக்குமா? தப்பித்திருக்காது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் உச்சி வெயிலில் 200 மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பாய்ரா ஒன்றே அதைப்போல ஆறு மடங்கு. போன பேனல்களுக்காக நான் வருத்தப்படவில்லை. நாடு இழந்தது வேறு: கிராமம் கிராமமாகப் போய்க் கூரையில் ஏறி மாட்டத் தெரிந்த ஆட்கள், அதற்குக் கடன் கொடுத்து வசூலிக்கத் தெரிந்த அமைப்புகள், தரம் பார்க்கத் தெரிந்த ஒரு நிறுவனம், சூரிய மின்சாரத்தை நம்பிய 2 கோடி மக்கள். இந்த நாலும் பதினைந்து வருட உழைப்பில் சேர்ந்தவை. அடுத்த கட்டத்துக்கு, அதாவது கம்பியோடு சேர்த்து ஓடும் பெரிய கூரைப் பேனல்களுக்கு, அவர்களை அப்படியே நகர்த்தியிருக்கலாம். சூரியனைக் கம்பி வரும்வரை தாங்கும் தற்காலிக ஊன்றுகோலாகவே அரசு பார்த்தது. சோலார் திட்டம் ஒரு கையிலும் மின் விரிவாக்கம் இன்னொரு கையிலும் இருந்தன. ஒரு கை செய்வது மற்றதற்குத் தெரியவில்லை.

இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடையும் இருந்தது. அந்த வீட்டுப் பேனல்கள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. கம்பியில் வருவது 220 வோல்ட் மாறுமின்சாரம். நடுவே இன்வெர்ட்டரும் இரண்டு பக்கமும் ஓடும் மீட்டரும் வேண்டும், உபரியை விற்க விதிமுறை வேண்டும். வங்கதேசத்தில் நெட் மீட்டரிங் வழிகாட்டுதல் வந்தது 2018இல், வீட்டு சோலார் திட்டத்துக்குப் பூட்டுப் போட்ட அதே வருடத்தில்.

கம்பியும் பேனலும் மோதிக்கொண்டதற்கு சந்த்வீப் தீவு தெளிவான உதாரணம். வங்கக் கடலில் உள்ள அந்தத் தீவில் 2010இல் 100 கிலோவாட் சோலார் சிறுதொகுப்பு ஒன்று தொடங்கியது. கடைத்தெருவுக்கும் சுற்றியிருந்த வீடுகளுக்கும் அதிலிருந்து மின்சாரம். ஒரு யூனிட் சுமார் 30 டாக்கா (வங்கதேச நாணயம்). ஜெனரேட்டர்காரரிடம் வாங்குவதைவிட அது தேவலை. 2018 நவம்பரில் கடலுக்கு அடியில் கேபிள் போட்டு தேசிய மின்தொகுப்பை அங்கே கொண்டுவந்தார்கள். அதில் யூனிட்டுக்குச் சில டாக்காதான். 30 டாக்கா கொடுக்க இனி யார் வருவார்? அடக்க விலைக்கு விற்கும் சிறியவரும் இழப்பில் விற்கும் அரசும் ஒரே தெருவில் கடை போட்டால் என்ன ஆகும் என்பதைத் தீவுக்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் இன்று சிறுதொகுப்புகளுக்குப் பணம் போடும் பலர், கம்பி வந்தால் உனக்கு என்ன ஈடு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வதும் இந்த பயத்தால்தான்.

எல்லாரும் கைவிட்டுவிடவும் இல்லை. ஷரியத்பூர் மாவட்டத்தில் 2015 வாக்கில் தலைநகர் டாக்காவைச் சேர்ந்த சோல்ஷேர் என்ற நிறுவனம் ஒரு சோதனை செய்தது. தனித்தனியாக இருந்த வீட்டுப் பேனல்களை மெல்லிய கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தது. பேட்டரி நிரம்பிய வீடு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்கும். பேனலே இல்லாத வீடும் வாங்கிக்கொள்ளும். மதியம் நிரம்பிய பேட்டரி அதற்குமேல் வாங்க வழியின்றி வீணாக்கிய வெயிலுக்கு அங்கே விலை கிடைத்தது. கம்பியைக் கீழிருந்து மேலாக நெய்ய முடியும் என்று காட்டிய முயற்சி அது. அதை நாடு முழுக்கக் கொண்டுபோகும் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை.

பெரிய சோலார் பூங்காக்கள் ஏன் உடனே வரவில்லை என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: நிலம். தமிழ்நாட்டைப்போல ஒன்றேகால் மடங்குக்குக் குறைவான பரப்பில் 17 கோடி மக்கள் வாழ்கிறார்கள். ஒரு மெகாவாட்டுக்கு மூன்று ஏக்கராவது வேண்டும். வருடத்துக்கு மூன்று போகம் விளையும் நிலத்தைப் பேனலுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அரசின் நிலை. சோற்றுக்குப் பயந்து வாழ்ந்த நாட்டில் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023இல் காயிபாந்தாவில் திறந்த 200 மெகாவாட் பூங்காகூட தீஸ்தா ஆற்றின் சர் நிலத்தில்தான் எழுந்தது. 2020க்குள் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து என்று 2008இல் எழுதிய கொள்கை சொன்னது. அந்த ஆண்டு வந்தபோது 3 விழுக்காட்டை ஒட்டித்தான் நின்றது.

நிலம் இல்லாத நாட்டுக்கு மிச்சம் இருப்பது கூரை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் கூரைகள் ஒவ்வொன்றும் ஒரு மைதானம். சட்டோகிராம் அருகே கொரிய ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு நிறுவனம் தன் கூரைகளிலேயே 16 மெகாவாட் போட்டு 2021இல் ஓட்டத் தொடங்கியது. ஆடை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள் கரியமிலக் கணக்குக் கேட்பதால் மற்ற ஆலைகளும் பின்னால் வருகின்றன. ஹசீனா ஆட்சி கவிழ்ந்தபின் வந்த இடைக்கால அரசு 2025 ஜூனில், பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்களின் கூரைகளில் டிசம்பருக்குள் 3,000 மெகாவாட் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. அதுவரை பல வருடங்களில் நாட்டின் எல்லாக் கூரைகளிலும் சேர்ந்ததே சில நூறு மெகாவாட்டைத் தாண்டவில்லை. ஆறு மாதத்தில் அதைப் பத்து மடங்காக்க யார் கூரையில் ஏறுவார்கள்? மாதம் எழுபதாயிரம் வீடு என்ற கணக்கில் மாட்டிப் பழகிய அந்தப் படை 2013இல் இருந்தது. இப்போது அதை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

வயலில் மட்டும் பழைய பாடம் கொஞ்சம் பயன்பட்டிருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை போரோ நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கப் பத்து லட்சத்துக்கும் மேலான டீசல் என்ஜின்கள் ஓடுகின்றன. அந்த மாதங்களில் வெயிலும் நல்ல வெயில். இட்கால் சோலார் பம்புகளைக் கடனும் மானியமும் கலந்து கொண்டுவந்தது. விவசாயி பம்பு வாங்க வேண்டியதில்லை. ஒருவர் பம்பு வைத்திருப்பார், சுற்றியுள்ள வயல்காரர்கள் பிகா என்ற நில அளவுக்கு இவ்வளவு என்று தண்ணீருக்குக் காசு கொடுப்பார்கள். டீசல் வாங்க ஓடவேண்டாம், என்ஜின் மக்கர் பண்ணுமோ என்று இரவில் விழித்திருக்கவும் வேண்டாம். குறை என்னவென்றால் போரோ முடிந்ததும் பல கிலோவாட் பேனல்கள் வயல் நடுவே வெறுமனே வெயில் காயும். வருமானம் பாதி வருடத்துக்குத்தான், கடன் தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு.

2020இல் இதற்கு ஒரு வழிகாட்டுதல் வந்தது. பம்பை ஊர் வழியே போகும் கம்பியோடு இணைக்கலாம். இறைக்காத மாதங்களில் அந்த மின்சாரத்தை வாரியம் வாங்கிக்கொள்ளும். கிராமத்துக்குக் கம்பி வந்தால் பேனலுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை இந்த முறை. முதலில் இணைத்த பம்புகளில், அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதும் மீட்டர் ஓடியது.